வழிகாட்டும் அமைப்பை வழிநடத்துதல்: இங்கிலாந்தின் தேசியத் தன்னார்வ அமைப்புகள் மன்றத்தின் தலைமையும் ஆளுகையும்

ஆய்வுச் சுருக்கம்

தன்னார்வ அமைப்புகள் பலவற்றை உறுப்பினர்களாகக் கொண்டு, அவற்றின் சார்பில் அரசிடமும் பொதுமக்களிடமும் பேசும் நாடளாவிய அமைப்பு, தலைமை அமைப்பு எனப்படும். பிற அமைப்புகளுக்கு நல்லாளுகையைக் கற்பிப்பது இத்தகைய அமைப்பின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. ஆகவே, அதன் சொந்த ஆளுகை எவ்வாறு அமைந்துள்ளது என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது. இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டு தோன்றி, 1980 முதல் தேசியத் தன்னார்வ அமைப்புகள் மன்றம் என்னும் பெயரில் இயங்கிவரும் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தலைமை அமைப்பொன்றின் ஆளுகையில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. அறங்காவலர் அவைக்கும் ஊதியம் பெறும் தலைமை அலுவலருக்கும் உள்ள உறவு, உறுப்பினர்களுக்கும் அவைக்கும் உள்ள உறவு, அரசுக்கும் மன்றத்துக்கும் உள்ள உறவு ஆகிய மூன்றும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தன்னார்வத் துறை, ஆளுகை, அறங்காவலர், தலைமை அமைப்பு, நெறித்தொகுப்பு, பொறுப்புடைமை.

1. முன்னுரை

அரசும் சந்தையும் சாராத மூன்றாவது துறையாகத் தன்னார்வத் துறை இன்று எண்ணப்படுகிறது. இங்கிலாந்து, வேல்சு ஆகிய இரு நாடுகளில் மட்டும் ஏறத்தாழ 1,70,000 அறக்கொடை அமைப்புகள் பதிவு பெற்றுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. ஐக்கிய இராச்சியத்தின் தன்னார்வ அமைப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு, ஆண்டுக்கு ஓர் இலட்சம் பவுண்டுக்கும் குறைந்த வருவாயில் இயங்குபவை. ஊதியம் பெறும் பணியாளர் ஒருவர்கூட இல்லாமல் நடப்பவை பல. இவற்றின் உரிமைகளைப் பேசவும், பயிற்சி அளிக்கவும், துறையைப் பற்றிய தரவுகளைத் திரட்டவும் ஒரு பொது அமைப்பு தேவைப்படுகிறது. இத்தேவையை நிறைவு செய்வதே தேசியத் தன்னார்வ அமைப்புகள் மன்றத்தின் (இனி, மன்றம்) நோக்கம். இம்மன்றம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி மன்றங்கள் உள்ளன.

தனியொரு மருத்துவ உதவிச் சங்கத்தின் ஆளுகை பிழைபட்டால் அச்சங்கமும் அதன் பயனாளிகளும் பாதிக்கப்படுவர். துறை முழுமைக்கும் நெறி வகுக்கும் அமைப்பின் ஆளுகை பிழைபட்டாலோ, அந்நெறியின் மீதுள்ள நம்பிக்கையே தளரும். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

2. மன்றத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் உதவிக் குழாம்கள் என்னும் இயக்கம் பரவியது. சிதறிக் கிடந்த அறச்செயல்களை ஒருங்கிணைக்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் எண்ணம். அவர்களுள் ஒருவரான எட்வர்ட் விவியன் பர்ச்சல் 1916ஆம் ஆண்டு பிரான்சுப் போர்க்களத்தில் உயிர் துறந்தார். அவர் தம் நண்பருக்கு விட்டுச்சென்ற 1,000 பவுண்டு, 1919இல் தேசியச் சமூகப் பணி மன்றம் உருவாக வித்திட்டது.

தொடக்க காலத் தலைமை நீண்ட காலம் நிலைத்திருந்தது. ஆக்சுபோர்டுப் பேராசிரியர் டபிள்யூ.ஜி.எஸ். ஆடம்ஸ் 1920 முதல் 1949 வரை தலைவராக விளங்கினார். 1930களின் வேலையின்மைக் காலத்தில், வேலையற்றோருக்கான மன்றங்களை நடத்த அரசு வழங்கிய நிதியைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு இவ்வமைப்பிடம் வந்தது. தன்னார்வ அமைப்பு ஒன்று அரசுப் பணத்தைக் கையாளும்போது யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் வினா அப்போதே எழுந்துவிட்டது.

இவ்வமைப்பின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒரு பண்பு, தான் வளர்த்தவற்றைத் தனித்து இயங்க விட்டதாகும். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது திறக்கப்பட்ட குடிமக்கள் ஆலோசனை நிலையங்களும், 1940இல் முதியோர் நலத்துக்காக அமைந்த தேசியக் குழுவும், 1924 முதல் அறக்கொடைப் பணத்தைக் கையாண்ட பிரிவும் 1970களில் தனி அமைப்புகளாயின. முதியோர் நலக் குழு 1971இல் பிரிந்தது; அறக்கொடைப் பிரிவு 1974இல் தனி நிறுவனமாயிற்று. இவ்வாறு நேரடிப் பணிகள் விலகியபின், மன்றத்திடம் எஞ்சியது ஒருங்கிணைப்பும் சார்புரைத்தலும் வழிகாட்டலுமே.

1978இல் வெளியான வூல்ஃபெண்டன் குழுவின் அறிக்கை, தன்னார்வ அமைப்புகளுக்கும் அரசுக்கும் இடையே நின்று செயல்படுபவற்றை இடைநிலை அமைப்புகள் என வகைப்படுத்தி, அவற்றின் இன்றியமையாமையை விளக்கியது. ஈராண்டுகளுக்குப் பின், 1980இல், சமூகப் பணி மன்றம் தன் பெயரைத் தன்னார்வ அமைப்புகள் மன்றம் என மாற்றிக்கொண்டது. முந்தைய பெயர் பணியைச் சுட்டியது. பிந்தைய பெயர் உறுப்பினர்களைச் சுட்டுகிறது. 2013இல் தன்னார்வலர் பணிக்கான தேசிய அமைப்பும் மன்றத்துடன் இணைந்தது.

3. ஆளுகையும் நிர்வாகமும்

தமிழில் ஆளுகை, நிர்வாகம் ஆகிய இரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. தன்னார்வத் துறை ஆய்வில் இவற்றை வேறுபடுத்துவது தேவையாகும். அமைப்பு எதற்காக உள்ளது, எத்திசையில் செல்ல வேண்டும், அதன் பணமும் பெயரும் பாதுகாப்பாக உள்ளனவா என்பவற்றை முடிவு செய்து கண்காணிப்பது ஆளுகை. அம்முடிவுகளை நாள்தோறும் நிறைவேற்றுவது நிர்வாகம். முன்னது அறங்காவலர் அவைக்கும் பின்னது முதன்மைச் செயல் அலுவலருக்கும் உரியன.

2011ஆம் ஆண்டின் அறக்கொடைகள் சட்டம், அமைப்பின் நிர்வாகத்தின் மீது பொதுக் கட்டுப்பாடும் மேலாண்மையும் உடையவர் எவரோ அவரே அறங்காவலர் என வரையறுக்கிறது. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் பொறுப்பு அவரையே சாரும். பொது நன்மைக்காக அமைப்பின் நோக்கத்தை நிறைவேற்றுதல், சட்டத்துக்கும் அமைப்பு விதிகளுக்கும் உட்படுதல், அமைப்பின் நலனையே கருதி முடிவெடுத்தல், வளங்களைப் பொறுப்புடன் கையாளுதல், தக்க கவனமும் திறனும் காட்டுதல், பொறுப்புடைமையை உறுதி செய்தல் ஆகிய ஆறு கடமைகளை இங்கிலாந்தின் அறக்கொடை ஆணையம் அறங்காவலருக்கு உரியனவாகத் தொகுத்துள்ளது.

இக்கடமைகளை ஏற்போர் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. முழு நேரமும் பணியாற்றி அனைத்துத் தகவலையும் கையில் வைத்திருக்கும் அலுவலரை, ஆண்டுக்குச் சில முறை கூடும் ஊதியமற்ற ஓர் அவை மேற்பார்வையிட வேண்டியுள்ளது. அதிகாரம் அவையிடமும் தகவல் அலுவலரிடமும் இருக்கும் இந்நிலையே தன்னார்வத் துறை ஆளுகையின் அடிப்படைச் சிக்கலாகும்.

இச்சிக்கலின் ஆழத்தை மன்றமே முதலில் வெளிக்கொணர்ந்தது எனலாம். மன்றமும் அறக்கொடை ஆணையமும் இணைந்து அமைத்த, வினிஃப்ரெட் டூமிம் தலைமையிலான குழு 1992இல் அறிக்கை அளித்தது. நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருந்த பலர், தாம் சட்டத்தின்படி அறங்காவலர் என்பதையே அறியாதிருந்தனர் என்பது அவ்வறிக்கை வெளிப்படுத்திய உண்மை. அறங்காவலர் பயிற்சியும் வழிகாட்டு நூல்களும் பெருகியது இதன் பின்னரே.

4. அறங்காவலர் அவையும் உறுப்பினர்களும்

மன்றம் சட்ட நிலையில் ஒரே வேளையில் பதிவு பெற்ற அறக்கொடையாகவும், பங்கு முதலின்றி உறுப்பினர் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவும் உள்ளது. அதன் அறங்காவலர்களே நிறுவன இயக்குநர்களும் ஆவர். அவர்களுள் ஒரு பகுதியினரை உறுப்பு அமைப்புகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றன. சட்டம், நிதி முதலிய துறைகளில் தேவைப்படும் திறன்களைக் கருதி எஞ்சியோரை அவையே நியமிக்கிறது.

இவ்விரு வழித் தெரிவு ஒரு முரணைத் தன்னுள் கொண்டது. உறுப்பினரின் வாக்கால் வந்த அறங்காவலர், தம்மைத் தேர்ந்தெடுத்தவரின் சார்பாளரா, அல்லது மன்றத்தின் காப்பாளரா? அரசியல் மன்றங்களின் பழக்கத்தில் வளர்ந்தவர் முன்னதையே விடையாகக் கூறுவர். அறக்கொடைச் சட்டமோ பின்னதையே ஏற்கிறது. அவைக்குள் நுழைந்த பின் ஒவ்வொருவரும் மன்றத்தின் நோக்கத்துக்கு மட்டுமே கடமைப்பட்டவர். தம்மை அனுப்பிய அமைப்பின் நலனுக்காக வாக்களிப்பது கடமை மீறலாகும்.

இக்கோட்பாடு தெளிவானது, எனினும் நடைமுறை எளிதன்று. பெருந்தொகை ஈட்டும் நாடளாவிய அறக்கொடைகளும், ஊர்ப்பொதுமண்டபம் ஒன்றை மட்டும் பேணும் சிறு குழுக்களும் மன்றத்தில் உறுப்பினர்கள். அரசு ஒப்பந்தங்களை நாடுவது முன்னவற்றுக்கு வளர்ச்சியாகவும் பின்னவற்றுக்கு அழிவாகவும் தோன்றக்கூடும். ஆண்டு வருவாய் 30,000 பவுண்டுக்கும் குறைந்த அமைப்புகளுக்குக் கட்டணமற்ற உறுப்புரிமை வழங்கப்படுவது, எண்ணிக்கையில் மிகுந்த சிறிய அமைப்புகளை உள்ளே கொணரும் முயற்சியாகும். இதனால் மன்றத்தின் பேராளத் தன்மை வலுப்பெறுகிறது. ஆனால் கட்டணம் செலுத்துவோர் ஒரு சாராராகவும், எண்ணிக்கையில் பெரும்பான்மையர் மற்றொரு சாராராகவும் அமையும்போது, எவர் குரல் ஓங்குகிறது என்பதை அவை தொடர்ந்து கவனிக்க வேண்டியுள்ளது.

5. தலைவரும் முதன்மைச் செயல் அலுவலரும்

அவையின் தலைவர் ஊதியமற்றவர். முதன்மைச் செயல் அலுவலர் ஊதியம் பெறுபவர். தலைவர் அவையை நடத்துகிறார். அலுவலரின் பணியை மதிப்பிடுகிறார். தேவைப்படும்போது அவருக்குத் துணை நிற்கிறார். இவ்வுறவு மிக நெருங்கினால் கண்காணிப்பு மங்கும். மிக விலகினால் பணி முடங்கும்.

மன்றத்தின் அண்மை வரலாற்றில் நீண்ட காலம் பணியாற்றிய அலுவலர் ஸ்டூவர்ட் எதெரிங்டன். 1994 முதல் 2019 வரை கால் நூற்றாண்டு அவர் பொறுப்பிலிருந்தார். அக்காலத்தில் உறுப்பு அமைப்புகளின் எண்ணிக்கை 10,000ஐக் கடந்தது. துறை பற்றிய ஆண்டுத் தரவுத் தொகுப்பு 1996 முதல் வெளிவந்து ஆய்வாளர்களின் முதன்மை ஆதாரமாயிற்று. தலைவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற, அலுவலர் மட்டும் நிலைத்திருந்ததால், பொதுவெளியில் மன்றத்தின் முகமாக அவரே அறியப்பட்டார்.

நீண்ட காலத் தலைமை நிறுவன நினைவைக் காக்கிறது. அமைச்சர்கள் மாறினும் தொடர்புகள் அறுபடாமல் இருக்க உதவுகிறது. அதே வேளையில், ஒருவரது செயல்முறையே அமைப்பின் இயல்பாக உறைந்துவிடும் இடரும் அதில் உள்ளது. இவ்விடர் வேறோர் அமைப்பில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை லண்டனில் இளையோருக்காக இயங்கிய கிட்ஸ் கம்பெனி காட்டுகிறது. 2015 ஆகஸ்டில் அவ்வமைப்பு திடீரென மூடப்பட்டது. நிறுவனரின் செல்வாக்குக்கு எதிராக அறங்காவலர்கள் போதிய கேள்வி எழுப்பவில்லை என 2016இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் குறை கூறியது. ஆனால் 2021இல் உயர் நீதிமன்றம், அவ்வறங்காவலர்களைப் பதவித் தகுதியிழக்கச் செய்யும் கோரிக்கையை ஏற்க மறுத்தது. ஊதியமற்றுப் பணியாற்றுவோரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதில் நாடாளுமன்றக் குழுவின் பார்வையும் நீதிமன்றத்தின் பார்வையும் வேறுபட்டமை இங்கு எண்ணத்தக்கது.

6. அரசும் மன்றமும்

தலைமை அமைப்புக்கு அரசுடன் நெருக்கமும் வேண்டும், விலகலும் வேண்டும். நெருக்கமின்றிக் கோரிக்கை நிறைவேறாது. விலகலின்றி உறுப்பினர் நம்பிக்கை நிலைக்காது.

நெருக்கம் பயன்தந்தமைக்கு 1998ஆம் ஆண்டின் உடன்பாடு சான்றாகும். மன்றத்தின் முன்முயற்சியால் அமைந்த, பேராசிரியர் நிக்கோலஸ் டீக்கின் தலைமையிலான ஆணையம், அரசுக்கும் தன்னார்வத் துறைக்கும் இடையே எழுத்து வடிவிலான உடன்படிக்கை வேண்டும் என 1996இல் பரிந்துரைத்தது. ஆட்சி மாறிய பின் 1998 நவம்பரில் அது உருப்பெற்றது. அரசிடம் நிதி பெறும் அமைப்பும் அரசின் கொள்கையை விமர்சிக்கலாம் என்னும் உரிமையை அது ஏற்றது. சட்ட வலிமை இல்லாத உடன்பாடு எனினும், பேச்சுவார்த்தைக்கு ஓர் அளவுகோலாக அது பயன்பட்டது.

நெருக்கம் ஐயத்தை எழுப்பியமைக்கு 2015ஆம் ஆண்டு நிகழ்வுகள் சான்றாகும். நன்கொடை திரட்டும் முறைகள் முதியோரைத் துன்புறுத்துகின்றன என்னும் குற்றச்சாட்டு அவ்வாண்டில் நாளிதழ்களில் பெரிதாக எழுந்தது. இதனை ஆராயும் பொறுப்பை அரசு எதெரிங்டனிடம் ஒப்படைத்தது. கட்சிகள் மூன்றைச் சார்ந்த பிரபுக்கள் அவை உறுப்பினர் மூவர் அவருடன் பணியாற்றினர். பழைய தன்னொழுங்கு அமைப்பை நீக்கிப் புதிய ஒழுங்குமுறை அமைப்பை நிறுவ வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. 2016 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. துறையின் சார்பாளர் துறையைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுக்கலாமா என நன்கொடை திரட்டுவோரிடையே அதிருப்தி எழுந்தது. துறையே தன்னைத் திருத்திக்கொள்ளாவிடில் அரசு நேரடிச் சட்டத்தால் திருத்தும் என்பது மறுதரப்பு வாதம். உறுப்பினரின் உடனடி விருப்பமும் துறையின் நெடுங்கால நலனும் வேறுபடும்போது தலைமை அமைப்பு பின்னதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும், அத்தேர்வின் காரணத்தை உறுப்பினருக்கு விளக்கும் கடமை அதற்கு உண்டு.

இதற்கு முன்பே 2014இல், அறக்கொடைகளின் உயர் அலுவலர் ஊதியம் பற்றி எழுந்த விமர்சனத்தை மன்றம் நேரடியாக எதிர்கொண்டது. அப்போதைய தலைவர் மார்ட்டின் லூயிஸ் தலைமையிலான விசாரணைக் குழு, ஆண்டு வருவாய் 5,00,000 பவுண்டைக் கடந்த அமைப்புகள் உயர் அலுவலரின் ஊதியத்தை எளிதில் காணுமாறு தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஊதியம் உயர்வா தாழ்வா என்பதை விட, அதை முடிவு செய்தவர் காரணம் கூறுகிறாரா என்பதையே அக்குழு முதன்மைப்படுத்தியது.

7. ஆளுகை நெறித்தொகுப்பு

மன்றமும் பிற துறை அமைப்புகளும் இணைந்து 2005இல் தன்னார்வத் துறைக்கான ஆளுகை நெறித்தொகுப்பை வெளியிட்டன. 2010இல் திருத்தப்பட்ட அது, 2017இல் விரிவாக மாற்றி எழுதப்பட்டது. நோக்கம், தலைமை, நேர்மை, முடிவெடுத்தலும் இடர்க் கட்டுப்பாடும், அவையின் செயல்திறன், பன்மைத்தன்மை, திறந்த தன்மையும் பொறுப்புடைமையும் ஆகிய ஏழு நெறிகளை அப்பதிப்பு வகுத்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பன்மைத்தன்மை என்னும் நெறியைச் சமத்துவம், பன்மைத்தன்மை, உள்ளடக்கல் என விரித்தது.

இந்நெறித்தொகுப்பு சட்டமன்று. கடைப்பிடி, இயலாவிடில் காரணம் கூறு என்பதே அதன் முறை. அவையில் ஐவருக்குக் குறையாமலும் பன்னிருவருக்கு மிகாமலும் இருப்பது நன்று எனவும், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தொடர வேண்டுமாயின் கடுமையான மீளாய்வு தேவை எனவும், பெரிய அமைப்புகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியார் மூலம் தம் அவையை மதிப்பிட வேண்டும் எனவும் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு கூறியது. ஆடம்ஸ் காலத்தில் இயல்பாகக் கருதப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தலைமை, இந்நெறியின்படி விளக்கம் கோருவதாக மாறிவிட்டது.

8. நெறியும் நடைமுறையும்: 2020 – 2021

கார்ல் வைல்டிங் 2019 செப்டம்பரில் முதன்மைச் செயல் அலுவலரானார். சில மாதங்களில் பெருந்தொற்று பரவியது. நன்கொடை திரட்டும் வாய்ப்புகள் முடங்கின. உதவி நாடுவோர் பெருகினர். மன்றமும் பிற அமைப்புகளும் விடுத்த கோரிக்கையை அடுத்து, 2020 ஏப்ரலில் அரசு 75 கோடி பவுண்டு உதவியை அறிவித்தது. வெளிப்பணியில் மன்றம் பயன்மிக்க பங்காற்றிய காலம் அது.

ஆனால் அதே காலத்தில் மன்றத்தின் உள்நிலை குறித்து வேறொரு செய்தி வெளிவந்தது. சமத்துவமும் உள்ளடக்கலும் மன்றத்துக்குள் எவ்வாறு உள்ளன என்பதை வெளி ஆலோசகர்களைக் கொண்டு மன்றம் ஆராய்ந்தது. இனம், பாலினம், மாற்றுத்திறன் முதலியவற்றின் அடிப்படையில் பணியாளர்கள் துன்புறுத்தப்பட்டனர் எனவும், அதற்குத் தக்க நடவடிக்கை இல்லை எனவும் அவ்வாய்வு கண்டது. 2021இன் தொடக்கத்தில் மன்றம் இதனைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. வைல்டிங் அவ்வாண்டுத் தொடக்கத்தில் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டில் பிரியா சிங் அவையின் தலைவராகவும், முதலில் இடைக்காலமாகவும் பின்னர் நிலையாகவும் சாரா வைபர்ட் முதன்மைச் செயல் அலுவலராகவும் பொறுப்பேற்றனர்.

இந்நிகழ்விலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நெறித்தொகுப்பு இருப்பது நெறி நிலவுவதற்கு உறுதியன்று. அவைக்கு வரும் அறிக்கைகள் நிதியையும் திட்டங்களையும் காட்டும். பணியாளரின் அன்றாடத் துன்பம் அவ்வறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. அலுவலர் வழியாக மட்டுமே தகவல் பெறும் அவை, அலுவலகத்தின் குறையை அறியும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. முறையீட்டுக்குத் தனி வழியும், பணியாளர் கருத்தாய்வின் முழு முடிவும் அவையை நேரடியாகச் சென்றடைய வேண்டும்.

இரண்டாவது, குறையை அறிய ஆய்வுக்கு உட்பட்டதும், கண்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டதும் ஆளுகையின் பகுதிகளே. உறுப்பு அமைப்புகளிடம் வெளிப்படைத்தன்மை கோரும் மன்றம், தன் குறையை மட்டும் மறைத்திருக்குமாயின் பிறருக்கு நெறி கூறும் தகுதியை இழந்திருக்கும். எனினும், ஒப்புதல் ஒரு தொடக்கமே. துன்புற்றோரின் நிலை மாறியதா என்பதே ஒப்புதலின் உண்மை அளவுகோல்.

9. முடிவுரை

தேசியத் தன்னார்வ அமைப்புகள் மன்றத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறு, தலைமை அமைப்பின் ஆளுகை மூவகைப் பொறுப்புடைமையின் மீது நிற்பதைக் காட்டுகிறது. உறுப்பினருக்குக் காரணம் கூறும் பொறுப்பு, சட்டத்துக்கும் நோக்கத்துக்கும் உட்படும் பொறுப்பு, தன் பணியாளரை நடத்தும் முறைக்கான பொறுப்பு என்பன அவை. முதல் இரண்டும் விதிகளிலும் நெறித்தொகுப்பிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளன. மூன்றாவது அண்மையில்தான் உரிய கவனம் பெற்றது.

இவ்வாய்வு இந்தியச் சூழலுக்கும் தொடர்புடையது. இந்தியச் சங்கங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக அமைந்த 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1854ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் ஒன்றைத் தழுவி எழுந்தது. சங்கத்தின் சட்ட வடிவம் அவ்வாறு இங்கு வந்தது. அறங்காவலரின் காலவரம்பு, அவையின் தன்மதிப்பீடு, வெளியார் மதிப்பீடு முதலிய நடைமுறைகள் இங்கிலாந்திலேயே அண்மைப் பத்தாண்டுகளில்தான் வலுப்பெற்றன. இந்தியாவில் 1988இல் தோன்றிய தன்னார்வ அமைப்புகளின் தேசிய இணையம், 2007ஆம் ஆண்டின் தேசியத் தன்னார்வத் துறைக் கொள்கை ஆகியவற்றை இவ்வளவுகோல்களால் ஆராய்வது அடுத்த கட்ட ஆய்வுக்குரிய களமாகும்.

பிறருக்கு நெறி வகுப்போர் அந்நெறிக்குத் தாமே முதலில் உட்பட வேண்டும். அதைக் கேட்டு உறுதி செய்யும் துணிவுள்ள அறங்காவலரும், அக்கேள்விக்கு மறைப்பின்றி விடையளிக்கும் அலுவலரும் அமையும்போதே தலைமை அமைப்பின் சொல் துறையில் மதிப்புப் பெறும்.